இரும்புக்கும் கீழே

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் தௌலத்தின் கையிலிருந்து பென்சில் விழுந்ததோடு நிறுத்தியிருந்தோம். அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மேலே போவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கோவில்பட்டிக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயிலின் வீட்டுப் பின்கட்டு. இஸ்மாயில் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். அவருடைய மகள் தௌலத் பேகம், ஒன்பதாம் வகுப்பு, ஒரு சட்டித் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடையில் குங்குமப்பூவும் கோரோசனையும் நிறுக்கிற சின்னத் தராசு ஓர் ஆணியில் தொங்கியது. பக்கத்தில், சர்க்கார் புதிதாகக் கொண்டுவந்திருக்கும் கிராம் எடைக்கற்கள். தராசின் ஒரு பக்கத்திலிருந்து நூல் இறங்கி, அந்த நூலின் நுனியில், தண்ணீருக்குள், அவளுடைய மைனி, அதாவது அண்ணன் கமாலின் மனைவி, ரசியாவின் தங்கக் காப்பு ஆடிக்கொண்டிருந்தது.

நோட்டில் அவள் எழுதியிருந்த எண் ஆறு.

இந்த ஆறு ஏன் ஒரு பெண்ணின் கையிலிருந்து பென்சிலைத் தட்டிவிட வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இசக்கியம்மாள் டீச்சர் ஒப்படர்த்திப் பாடம் நடத்தினார். ஒரு பொருளை வெளியே ஒரு தடவை நிறுக்க வேண்டும், தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு தடவை நிறுக்க வேண்டும். தண்ணீருக்குள் எடை குறைந்து காட்டும். முதல் எடையை அந்தக் குறைவால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்துப் பொருள் இன்னதென்று சொல்லிவிடலாம். புத்தகத்தில் பட்டியலே போட்டிருந்தது. தங்கம் பத்தொன்பது, வெள்ளி பத்தரை, செம்பு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு, பித்தளை எட்டரைக்குப் பக்கம், இரும்பு எட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

"படிச்சதை வீட்ல போய்ச் செஞ்சு பாருங்கட்டி. பரீட்சைக்கு மட்டும் படிச்சா பரீட்சையோட போயிரும்" என்று டீச்சர் சொன்னதை மற்றப் பிள்ளைகள் மணி அடித்ததும் மறந்துவிட்டார்கள். தௌலத் மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குள் முங்காத சாமான் இல்லை. பூட்டு முங்கியது, பாக்குவெட்டி முங்கியது, வாப்பாவின் அத்தர் குப்பி முங்கியது. கொய்யாக்காய் மட்டும் மிதந்துவிட்டதால் கணக்கில் சேரவில்லை.

போன வெள்ளிக்கிழமை உம்மாவின் சங்கிலி. முப்பத்து நாலு கிராம், தண்ணீரில் இரண்டு குறைந்தது, பதினேழு வந்தது. புத்தகத்தில் பத்தொன்பது என்று போட்டிருக்க, பதினேழா என்று அன்று பாதிச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. நகைக்குச் செம்பு சேர்ப்பார்கள் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் மீதிச் சோறு இறங்கியது.

இன்று காலை ரசியா குளிக்கப் போகும்போது அவளாகவே இரண்டு காப்புகளையும் திருகிக் கழற்றி, "இந்தா, இதையும் உன் சட்டியில முக்கு. எம்மேலதான் உனக்கு இன்னும் கருணை வரல்லைன்னு நெனச்சேன்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பருமனான காப்பு. இருபத்து நாலு கிராம். தண்ணீரில் நாலு குறைந்தது. வகுத்தால் ஆறு. இரண்டாவது காப்பும் அதே இருபத்து நாலு, அதே நாலு, அதே ஆறு.

பதினேழு எங்கே, ஆறு எங்கே?

அப்போதுதான் பென்சில் விழுந்தது. மைனி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனாலும் தனக்கென்று ஒரு அக்கா பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த எண்ணை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அழிக்கத்தான் செய்தாள். அழித்த இடத்தில் மறுபடி நிறுத்துப் பார்த்து மறுபடி அதே ஆறை எழுதினாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவுதான் பொய் வரும்.

காப்புகளைத் துடைத்து மைனியின் அறையில் வைத்துவிட்டு, அண்ணனைத் தேடிக் கடைக்குப் போனாள். உம்மாவிடம் போயிருக்கலாம். போகவில்லை. உம்மா புத்தகம் படிக்காதவள், இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டாள். இதை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கமால் பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் வரை படித்தவன். கல்லாவில் உட்கார்ந்தாலும் தான் படித்தவன் என்பதைத் தினம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. தபாலில் போக வேண்டிய லேகியப் பார்சலுக்குத் துணி சுற்றித் தைத்து, அரக்கை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை சொன்னதைக் கேட்டதும் முதலில் சிரித்தான். "ஏட்டி, உனக்கு வகுத்தல் தெரியாது. அதான் விஷயம்."

"நீங்களே நிறுத்துப் பாருங்கண்ணே."

கடையைப் பக்கத்துக் கடை பூவனநாதன் அண்ணாச்சியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தான். ரசியா அடுப்படியில் மாமியோடு இருந்தாள். தன் வாப்பா வரப் போகிறார் என்ற மகிழ்ச்சியில் வேலையைப் பறித்துப் பறித்துச் செய்துகொண்டிருந்தாள். கமால் அறையில் இருந்த இரண்டு காப்புகளையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தான். நூலை மாற்றினான். தண்ணீரை மாற்றினான். கல்லை ஊதித் துடைத்து வைத்தான்.

ஆறு.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

போன வாரம் பூவனநாதன் அண்ணாச்சி சாதாரணமாகச் சொன்ன ஒரு பேச்சு இப்போது வந்து அவன் காதுக்குள் உட்கார்ந்தது. 'தம்பி, விளாத்திகுளம் பக்கம் போன வருசம் மழை பேஞ்சு மிளகா வத்தல் பூராம் களத்துலேயே கறுத்துப் போச்சாமே. ஒம்ம மாமனார் பெரிய ஆள்தான். அந்த வருசத்துலயும் கல்யாணத்தைச் சிறப்பா முடிச்சிட்டாரே.' அண்ணாச்சி பாராட்டாகத்தான் சொன்னார். பாராட்டைச் சந்தேகமாக மாற்றிக்கொள்வதற்குப் பெரிய படிப்பு வேண்டும். கமாலிடம் அது இருந்தது.

"அண்ணே, வேற ஏதாச்சும் காரணம் இருக்குமோ?"

"என்ன காரணம்? எண்ணு பொய் சொல்லுமா? நீதான சொன்ன, பொருள் எதுன்னு எண்ணு காட்டிக் குடுத்துரும்னு."

"நான் சொன்னேன்..."

"உம்மாகிட்ட மூச்சு விடாத. வாப்பா வரட்டும். அதுவரை நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறான்? அவனுக்கே தெரியாது. காப்பை எடுத்துக்கொண்டு போய் ரசியாவிடம் நீட்டினான். "போட்டுக்க" என்றான். அந்த ஒரு வார்த்தையோடு கடைக்குத் திரும்பிவிட்டான். வழக்கமாகக் காப்பை அவனே மாட்டித் திருகிவிடுகிறவன்.

ரசியா காப்புகளை மாட்டிக்கொள்ளாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் மாமி சைத்தூன் பீவி. மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இங்கன பாரு, மருதாணி இன்னும் சிவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணு மாசமாச்சு! எம்மவன் அவ்வளவு பிரியமா வச்சிருக்கானாக்கும்" என்று கேலி செய்தாள். காப்பு உட்காரும் இடத்தில் மெலிதாக ஒரு செங்கோடு. ரசியா சிரித்து வைத்தாள். நாலு நாளாக அடுப்பில் நின்று வந்தால் அந்தக் கோடு புதிதாகத் தெரிகிறது. குளித்தால் மங்கிவிடுகிறது. மருதாணி அப்படிச் செய்யுமா என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. மாமியின் கேலியைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

*

பதினோரு மணி விளாத்திகுளம் பஸ்ஸில் ரசியாவின் வாப்பா செய்யது அலி வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை வத்தல், கையில் ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்புக்கட்டி. மகளைப் பத்து நாள் அழைத்துப் போய் வைத்திருந்து அனுப்புவதாக ஏற்கெனவே பேச்சு. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

"ஸலாம் மாப்ளே. நல்லா இருக்கீகளா? இந்த வருசம் வத்தல் பரவாயில்ல. தரம் பாத்துப் பொறுக்கிக் கொண்டாந்தேன்."

"ம்" என்றான் கமால்.

மாமனாருக்கு மாப்பிள்ளையின் 'ம்' சுருக்கென்று பட்டது. வெயிலில் கடையில் நின்ற களைப்பாக இருக்கும் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். சில மனிதர்கள் அப்படி. அடுத்தவன் தப்புக்குக் காரணம் தேடும் வேலையையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு இரண்டு பேரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். சேர்ந்துதான் போனார்கள். கமால் நாலு அடி முன்னால் போனான்.

அந்த நாலு அடியை ரசியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

நேரே பின்கட்டுக்கு வந்தாள். "தௌலத், இங்கன வா. என்ன நடக்குது இந்த வீட்ல?"

"ஒண்ணுமில்ல மைனி."

"உனக்குப் பொய் சொல்ல வராது. முயற்சி பண்ணாத. காலைல காப்பக் குடுத்தேன். அதுக்கப்புறந்தான் உங்கண்ணன் மூஞ்சி மாறிச்சு. நோட்டைக் காட்டு."

தௌலத் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே நோட்டைக் கொடுத்தாள்.

ரசியா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் விளாத்திகுளத்தில் அவளைத் தனியாகப் படிக்க அனுப்ப வீட்டில் தாயார் இல்லை. அவளுடைய ஆறாவது வயதிலேயே அவர் மௌத்தாகிவிட்டார். சோறு பொங்கவும் வத்தல் காயப்போடவும் அப்போதே அவள் கை தேவைப்பட்டது. ஆனால் கணக்கு அவளுக்குப் பிடிக்கும். நோட்டைப் படித்தாள். புத்தகத்தை வாங்கிப் பட்டியலைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது. தன் வாப்பாவை இந்த வீடு என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் இது தீராவிட்டால், அவர் ஒன்றும் தெரியாமல் பஸ் ஏறுவார். மதுரையிலிருந்து மாமனார் திரும்பியதும் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். வாப்பா அதைத் தாங்க மாட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பட்டியலைப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தாள்.

"தௌலத், இது பித்தளைன்னு நெனச்சீகளா?"

"அண்ணன்தான்..."

"பித்தளைன்னா எட்டரை வரணும்லா? ஆறுல்லா வந்திருக்கு."

தௌலத் அழுகையை நிறுத்தினாள்.

"செம்புன்னா ஒம்போது. வெள்ளின்னா பத்தரை. இரும்புக்கே ஏழே முக்காலுக்கு மேல போட்டிருக்கு. எங் காப்பு இரும்புக்கும் கீழ நிக்குது. இரும்பை விட லேசான எதுல மொலாம் பூசி காப்பு செய்வாக? ஒன் புஸ்தகத்துல அப்படி ஏதாச்சும் போட்டிருக்கா?"

தௌலத் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அலுமினியம் என்று ஒன்று இரண்டரைக்கு மேல் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. ஆறு என்ற எண்ணுக்கு அந்தப் பக்கத்தில் சொந்தக்காரனே இல்லை. காலையிலிருந்து பதினேழைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அப்பம் ஒரு பொருள் இல்ல மைனி. ரெண்டு பொருள்! ஒண்ணு கனமானது, ஒண்ணு லேசானது. சேந்துதான் ஆறு!"

"இரு. இன்னொண்ணு பாக்கணும். சவரனுக்கு எத்தனை கிராம்?"

"எட்டு."

"வாப்பா போட்டது சோடி அஞ்சு சவரன். நிக்காஹ்ல எல்லாரும் கேக்கத்தான சொன்னாவ. அஞ்செட்டு நாப்பது. உன் தராசுல சோடி என்ன நிக்குது?"

"ரெண்டு இருபத்து நாலு... நாப்பத்தெட்டு!"

"எட்டுக் கிராம் கூட இருக்கு. எங்கன இருந்து வந்துச்சு அந்த எட்டு?"

ரசியா முந்தானையை அவிழ்த்துக் காப்புகளை எடுத்து வைத்தாள், இரண்டு பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகம், அவமானம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டன. ஒரு பூட்டிய பெட்டியைப் பார்க்கிற குழந்தைகளைப் போல அந்தக் காப்பைப் பார்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது?

ரசியா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தச் செங்கோடு.

"அடுப்புல நின்னாத்தான் இது வருது" என்று மெதுவாகச் சொன்னாள். "சூட்டுக்கு."

அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தார்கள். சோறு வடித்த கஞ்சி பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நல்ல வேளையாக சைத்தூன் பீவி தொழுகைக்கு உள்ளே போயிருந்தாள். காப்பை இடுக்கியில் பிடித்து ஆவியில் காட்டினாள் ரசியா. தௌலத் மனதுக்குள் எண்ணினாள். முப்பது எண்ணும்போது ஒன்றுமில்லை. அறுபதில் ஒன்றுமில்லை. தொண்ணூறில், காப்பின் திருகுக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு துளி எட்டிப் பார்த்தது. கருஞ்சிவப்பு.

தௌலத் குனிந்து மோந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வாசனை. கடைக்குள் தபால் பார்சல் கட்டும் நாளெல்லாம் அடிக்கிற வாசனை.

"அரக்கு! மைனி, இது அரக்கு!"

கத்தியது உள்ளே கேட்டுவிட்டது. முசல்லாத் தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே சைத்தூன் பீவி வந்தாள்.

"என்னட்டி அரக்கு? காப்ப ஏன் ஆவியில புடிக்குதீக? உருகி வெளிய வந்துராதா?"

ரசியா சட்டென்று இடுக்கியை இறக்கினாள்.

"மாமி, உள்ள அரக்கு இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இது என்ன கேள்வி? இம்மாம் பருமன் காப்பு கட்டிப் பொன்னுலயா செய்வாக? தகட்ட வளைச்சு, நசுங்காம இருக்க உள்ள அரக்கு அடைப்பாக. அரக்க நீக்கித்தான் சவரன் கணக்குச் சொல்லுவாக. எனக்கும் கல்யாணத்துல சோடி போட்டாகளே. ஏட்டி தௌலத், நீ பொறந்த வருசந்தான் அழிச்சு சங்கிலி பண்ணினோம்." மருமகளைப் பார்த்ததும் குரல் இளகியது. "உனக்கு எப்படித் தெரியும்? சொல்லுததுக்கு உம்மா இல்லையே. அடுப்புல நிக்கும்போது கழத்தி வச்சிரணும், என்ன? நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும். மருதாணின்னுல்லா நெனச்சிட்டேன்!"

வாசகர்கள் கவனிக்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து தராசு, நூல், பட்டியல், வகுத்தல் என்று அந்த வீடு பட்ட பாட்டுக்கெல்லாம் பதில் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டுதான் இருந்தது. கேட்பாரில்லை.

"எதுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம்?" என்றாள் சைத்தூன் பீவி.

தௌலத் மைனியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். மகன் சொல்லாமல் கொள்ளாமல் யாரைத் திருடனாக்கி வைத்திருக்கிறான் என்று தெரிந்தால், சைத்தூன் பீவி இந்தக் கஞ்சிப் பானையை எடுத்து எதிரில் வைத்து அவனை வறுத்துவிடுவாள்.

"சும்மா, பாடம் பாத்தோம் மாமி" என்றாள் ரசியா.

*

மத்தியானச் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு. பரிமாறிவிட்டு உள்ளே போகிற மகளின் கையிலிருந்த காப்பைப் பார்த்துக்கொண்டே செய்யது அலி சாப்பிட்டார்.

"இவ உம்மா இருந்திருந்தா அதது பாத்துச் செஞ்சிருப்பா மதினி. எனக்கு வத்தல் தரம் பாக்கத் தெரியும். பொன்னு தரம் பாக்க என்ன தெரியும்? எட்டயபுரத்து ஆசாரி சொன்னத நம்பித்தான் வாங்குனேன்."

கமால் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "நம்பி வாங்குனீகளாக்கும்?"

குரல் நன்றாக இல்லை. செய்யது அலியின் கை பாதியில் நின்றது. சைத்தூன் பீவி மகனை விழித்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை அவன் வாயில் வந்துவிட்டது. அது வெளியே விழுந்திருந்தால் இந்தக் கதையின் போக்கே வேறு.

"மச்சான்!" என்று உள்ளேயிருந்து ரசியாவின் குரல். "ஒரு நிமிசம் இங்கன வாங்க. மேல இருந்து ஒரு டப்பா எடுக்கணும். எட்டல."

போனான். மேலே டப்பா எதுவும் இல்லை. கட்டிலில் தராசு இருந்தது, நோட்டு இருந்தது, ஒரு துண்டுக் காகிதத்தில் கருஞ்சிவப்பாகக் கடுகளவு ஒன்று ஒட்டியிருந்தது.

"அஞ்சு சவரன் எத்தனை கிராம் மச்சான்?"

"நாப்பது."

"நீங்க நிறுத்தப்பம் என்ன இருந்துச்சு?"

"நாப்பத்தெ..." சொல்லி முடிக்கவில்லை.

"வாப்பா சொன்னதுல ஒரு குந்துமணி குறையல. எட்டுக் கிராம் கூடத்தான் இருக்கு. அது இந்தா, இதுதான்." காகிதத்தை நீட்டினாள். "மோந்து பாருங்க. தெனமும் முத்திரை வைக்கிற கைதான."

மோந்து பார்த்தான். காலையில் அவனே உருக்கிய வாசனை.

"கடை அரக்கு நாலு கிராமைத் தௌலத் முக்கிப் பாத்துட்டா, மூணுக்குக் கொஞ்சம் கம்மியாக் குறையுது; இருபது கிராம் பொன்னுக்கு ஒண்ணு சொச்சம், கூட்டுனா அந்த நாலு. பித்தளைக்கு எட்டரைன்னு புஸ்தகத்துலயே இருக்கு. ஆறு வந்தா அது வெறும் பித்தளை இல்லைன்னு எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியுது. இன்டர் படிச்ச உங்களுக்குத் தெரியல."

"ரசியா, புஸ்தகத்துல அரக்கு போடல..."

"போடலதான். புஸ்தகத்தை நான் குத்தம் சொல்லல. தௌலத்தையும் சொல்லல. அவளுக்கு வந்தது சந்தேகம், வந்ததும் அழுதா. உங்களுக்கு வந்ததும் தீர்ப்பு எழுதிட்டீங்க." நோட்டை மூடிவைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? 'ரசியா, இது என்ன இப்படி வருது'ன்னு கேட்டிருந்தா, நானும் உங்ககூட உக்காந்து பாத்திருப்பேன்லா? எனக்கும் அது தெரிஞ்சுக்க ஆசையாத்தான இருந்திருக்கும்?"

கமாலுக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கமில்லை. தான் படித்ததெல்லாம் தன் முன்னாலேயே வந்து நின்று தன்னைப் பார்த்துச் சிரிக்கிற வெட்கம்.

"மாமாகிட்ட நான் இப்பமே மன்னிப்பு..."

"வேண்டாம். அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் கூடாது. நீங்க மன்னிப்புக் கேட்டா, எதுக்குன்னு சொல்லணும்லா? போய்க் குழம்ப ஊத்திக் குடுங்க."

போய் ஊற்றினான். ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டி ஊற்றினான். "போதும் மாப்ளே, போதும்" என்று செய்யது அலி தட்டுக்கு மேல் கையை விரித்தார். மாப்பிள்ளையின் களைப்பு தீர்ந்துவிட்டது என்று அவருக்குப் பரம சந்தோஷம். காரணம் தேட வேண்டிய வேலை மிச்சம்.

*

நாலு மணி பஸ்ஸுக்கு மூன்றரைக்கே கிளம்பினார்கள். ரசியாவின் கையில் கண்ணாடி வளையல்கள் மட்டும் இருந்தன.

"காப்பு எங்கம்மா?" என்றார் செய்யது அலி.

"திருகு கொஞ்சம் எளகியிருக்கு வாப்பா. சரி பண்ணணும். அவிய பாத்துக்கிடுவாவ."

அவிய என்று சொல்லும்போது கமாலைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை மாமனாருக்கு நாலு அடி பின்னால் வந்தான். பஸ் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பும் வரை ஜன்னலில் ஒரு கை வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றான். வரவில்லை.

பத்து நாள் என்றுதான் பேச்சு. பத்து நாளில் வருவேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பின்கட்டில் தௌலத் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தராசு. அதன் ஒரு தட்டில் இரண்டு காப்புகளும் இருந்தன.

"என் சயின்ஸ் புஸ்தகத்தைக் காணல அண்ணே. மைனி எடுத்துட்டுப் போயிட்டாவ. 'படிச்சிட்டுத் தாரேன், கோவிச்சுக்காத'ன்னு எழுதி வச்சிருக்காவ. பரவாயில்ல, டீச்சர்கிட்ட வேற கேட்டுக்கிடுதேன்." நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். "ஆனா கீழ இது என்னன்னு எனக்கு விளங்கல. நீங்க பாருங்க."

அவள் போட்டிருந்த பட்டியல்தான். பூட்டு, பாக்குவெட்டி, உம்மாவின் சங்கிலி பதினேழு, மைனியின் காப்பு ஆறு. அதற்குக் கீழே, கோடு போட்டு, எட்டாம் வகுப்போடு நின்றுபோன உருண்டைக் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி.

'உன் அண்ணன் – இன்னும் எடை போடவில்லை.'

கமால் அதை இரண்டு தடவை படித்தான். தட்டிலிருந்த காப்புகளை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டான். அவன் மாட்டித் திருகிவிட வேண்டிய கை இப்போது எட்டயபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"தௌலத், அடுத்த விளாத்திகுளம் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறு" என்றாள் தௌலத்.